சேரிட்டி கடைப் புத்தகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

தெற்கு லண்டனில், மக்கள் இலவசமாகக் கொடுக்கும் பழைய பொருட்களை விற்றுச் சேவைக்குப் பணம் சேர்க்கும் ஒரு சேரிட்டி கடையின் பின்னறையில் வாரம் ஒருநாள் புத்தகம் பிரிக்கும் வேலை செய்கிறேன். சம்பளமில்லாத வேலை, தேநீர் மட்டும் உண்டு. இதைச் சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். வழக்கமாக வரும் சமையல் கேள்விகளையும் விசா கேள்விகளையும் ஓரம்கட்டிவிட்டு, இந்த முறை கடிதமெல்லாம் புத்தகத்தைப் பற்றியே வந்திருக்கிறது. எனக்கும் ஒரு மாற்றம்தான்.

கேள்வி: சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிப் புத்தகம் வாங்கிய ஆள் நான். இங்கே சேரிட்டி கடையில் 3 பவுண்டு புத்தகத்தை 2 பவுண்டுக்குக் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண்மணி என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பேரம் பேசினால் தப்பா? (வாசகர், கிராய்டன்)

தப்பு என்று சட்டம் இல்லை. ஆனால் வேண்டாம் சார். மூர் மார்க்கெட் கடைக்காரர் நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள் என்று தெரிந்தே விலையை ஏற்றிச் சொல்வார். நீங்கள் நகர்வதுபோல் நடிப்பீர்கள், அவர் கூப்பிடுவதுபோல் நடிப்பார். இரண்டு பேருக்கும் அது தெரியும். 1985இல் அந்தக் கட்டடம் எரிந்ததோடு பாதி நாடகம் முடிந்துபோனது, மீதி திருவல்லிக்கேணி நடைபாதையில் கொஞ்ச நாள் ஓடியது. இங்கே கதை வேறு. விலை போட்டவர் பின்னறையில் இருக்கிறார். கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் என்னைப் போல ஒரு வாலண்டியர். ஐம்பது பென்ஸ் குறைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் கேட்டதும் அவர் முழித்தது அதனால்தான்.

பேசக்கூடிய இடமும் உண்டு. நடுவில் பக்கம் இல்லை, பைண்டிங் விட்டிருக்கிறது என்றால் காட்டிச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பாகம் உள்ள வரிசையை மொத்தமாக எடுப்பதாக இருந்தால் மானேஜரைக் கேளுங்கள். அவருக்கும் அலமாரி காலியாக வேண்டும்.

கேள்வி: நல்ல புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்? எங்கள் தெருவில் நான்கு சேரிட்டி கடைகள் இருக்கின்றன. நான்கிலும் டயட் புத்தகமும், டிவி சமையல்காரர்கள் எழுதிய புத்தகமும்தான். (வாசகி, ஸ்லவ்)

கடைப் பெயரைப் பார்க்காதீர்கள் அம்மா, ஊரைப் பாருங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சேரிட்டி கடைகள் இருக்கின்றன. பெரும்பாலான கடைகள் தங்கள் வாசலுக்கு வந்த மூட்டையைத்தான் விற்கின்றன. அக்கம்பக்கத்தில் யார் வீடு மாறுகிறார்கள், யார் இறந்துபோகிறார்கள், யார் வீட்டுப் பரணைக் காலி செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அலமாரி அமையும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய இருக்கும் ஊரில் சரித்திரமும் கவிதையும் வரும். ஈஸ்ட்போர்ன், வொர்திங் மாதிரியான தென்கடற்கரை ஊர்களுக்கு வெயிலுக்காகப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் சேரிட்டி கடைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். பல்கலைக்கழக ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆசிரியர் ஓய்வுபெறும்போது ஒரு துறையின் நூலகமே அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும்.

அதோடு, புத்தகத்துக்கென்றே தனிக் கடை நடத்தும் அமைப்புகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபாம் தன் முதல் தனிப் புத்தகக் கடையை 1987இல் ஆக்ஸ்ஃபர்ட் செயின்ட் ஜைல்ஸில் திறந்தது. லண்டனில் மேரிலபோன் ஹை ஸ்ட்ரீட்டில் உள்ளது எனக்குப் பிடித்தது. விலை சற்றுக் கூடத்தான். ஆனால் அங்கே புத்தகம் தெரிந்தவர்கள் பிரிக்கிறார்கள், தேடிய துறை தேடிய இடத்தில் இருக்கும். அம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்கும் சில ஊர்களில் பழைய புத்தகக் கடைகள் உண்டு.

இந்தப் புத்தகம்தான் வேண்டும் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பட்டியல் இருந்தால் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், நேரம் மிச்சம். சேரிட்டி கடைக்கு அடிக்கடி போக வேண்டும், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். என்றைக்குப் புதுச் சரக்கு வரும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்படி ஒரு நாள் கிடையாது. மூட்டை வந்தால் சரக்கு. ஜனவரியில் மட்டும் பின்னறையில் கால் வைக்க இடமிருக்காது. கிறிஸ்துமஸுக்கு வந்த புதுப் புத்தகமும், அதற்கு இடம்விட வெளியேற்றிய பழையதும் சேர்ந்து வரும்.

டயட் புத்தகம் குவிவதும் இப்படித்தான். எது நிறைய விற்றதோ அதுதான் நிறையத் திரும்பி வரும். 2016இல் சுவான்சி ஆக்ஸ்ஃபாம் கடைக்கு ஒரே கிளுகிளுப்பு நாவலின் பிரதிகள் எக்கச்சக்கமாக வந்துவிட்டன. அவர்கள் அதை அடுக்கிப் பின்னறையில் ஒரு கோட்டையே கட்டி, தயவுசெய்து இதை இனிக் கொண்டு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எங்கள் கடையிலும் சில பெயர்களைப் பார்த்தாலே பெட்டியை மூடிவிடுவோம்.

கேள்வி: ஒரு பவுண்டுக்கு வாங்கிய புத்தகம் முதல் பதிப்பாக இருந்து ஆயிரக்கணக்கில் விலை போனதாக அடிக்கடி செய்தி வருகிறதே. முதல் பதிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

லாட்டரி ஆசையில் கேட்கிறீர்கள், தெரிகிறது. பரவாயில்லை. பணம் வராவிட்டாலும் புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிப்பது நல்ல பொழுதுபோக்கு.

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் காப்புரிமைப் பக்கம் இருக்கும். அங்கே கீழே 10 முதல் 1 வரை எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1 இருந்தால் முதல் அச்சு. 4இல் நின்றிருந்தால் நான்காவது. சில பதிப்பகங்கள் 1 3 5 7 9 10 8 6 4 2 என்று கலைத்துப் போடும். கணக்கு அதேதான். பழைய புத்தகங்களில் இந்த வரிசை இருக்காது. எந்த ஆண்டு முதலில் வெளிவந்தது, எந்தெந்த ஆண்டு மறு அச்சானது என்று வாக்கியமாகவே போட்டிருப்பார்கள்.

ஆண்டு எங்கும் இல்லை என்றால் விலையைப் பாருங்கள். ஷில்லிங்கில் மட்டும் விலை இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம்தான் இந்த நாடு தசமக் காசுக்கு மாறியது. ஷில்லிங், புதுப் பென்ஸ் இரண்டு விலையும் சேர்த்துப் போட்டிருந்தால் அந்த மாற்றத்தை ஒட்டிய ஆண்டுகள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் பத்து இலக்கம் என்றால் பெரும்பாலும் 1970க்கும் 2006க்கும் இடையில். பதின்மூன்று இலக்கம் 2007 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. உலக வரைபடப் புத்தகம் என்றால் இன்னும் சுலபம். சோவியத் யூனியன் இருந்தால் 1991 வரை. ஆப்பிரிக்காவில் தென் சூடான் தனி நாடாக இருந்தால் 2011க்குப் பிறகு.

இப்போது ஏமாறும் இடங்கள். கெட்டி அட்டை, பளபள மேலுறை எல்லாம் இருக்கும், ஆனால் மேலுறையின் உள்மடிப்பில் விலையே இருக்காது. அது புத்தகக் கிளப் பதிப்பாக இருக்கலாம். அந்தக் காலத்தில் கிளப்பில் சேர்ந்தவர்களுக்கு மலிவாக அச்சடித்து அனுப்பியது. தலைப்புப் பக்கத்தில் பி.சி.ஏ. (புக் கிளப் அசோசியேட்ஸ்) என்ற மூன்று எழுத்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். படிக்க நல்லது, விற்கப் பத்துப் பைசா பெறாது. உள்மடிப்பின் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தால் யாரோ பரிசாகக் கொடுக்க விலையை வெட்டியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் அதற்கும் மதிப்பைக் குறைப்பார்கள். நூலக முத்திரை இருந்தால் முதல் பதிப்பாகவே இருந்தாலும் கதை முடிந்தது.

பெங்குவின் பதிப்பகத்தின் ஆரஞ்சு அட்டைகளைப் பார்த்ததும் பலர் புதையல் என்று நினைக்கிறார்கள். 1935இல் ஆறு பென்ஸ் விலையில் தொடங்கிய வரிசை அது. ஆரஞ்சு என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, கருநீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. 1937இல் அதே பதிப்பகம் தொடங்கிய அறிவு நூல் வரிசையான பெலிகன் வெளிர்நீலம். லட்சக்கணக்கில் அச்சடித்தவை, அதனால் பெரும்பாலானவை இன்றும் சில பவுண்டுதான். அலமாரியில் நிறம் நிறமாக அடுக்கினால் அழகாக இருக்கும், அது வேறு விஷயம். நான் அதற்காகவே பச்சை அட்டைகளை வாங்குகிறேன், கொலைகாரன் யார் என்பது முன்பே தெரிந்த கதைகளாக இருந்தாலும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழையது, விலை உள்ளது என்று தோன்றும் எதையும் நாங்களும் ஆன்லைனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்கிறோம். செய்தியில் வருவது தப்பித்துப் போனவை.

கேள்வி: மகளுக்குப் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு, மகனுக்கு செகண்டரி பள்ளி சேர லெவன் ப்ளஸ் நுழைவுத் தேர்வு. பயிற்சிப் புத்தகங்களைச் சேரிட்டி கடையில் வாங்கலாமா? புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. (வாசகி, சட்டன்)

தாராளமாக. ஆனால் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டம் மாறி, ஏ ஸ்டார் முதல் ஜி வரை இருந்த தரம் 9 முதல் 1 வரை ஆகிவிட்டது. ஆங்கிலமும் கணிதமும் 2015 செப்டம்பரில் மாறின, மற்ற பாடங்கள் அதற்குப் பிறகு வரிசையாக. அட்டையில் 9-1 என்று இல்லாத வழிகாட்டியை ஐம்பது பென்ஸுக்குக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து, தேர்வு வாரியம் ஏ.க்யூ.ஏ., எடெக்ஸெல், ஓ.சி.ஆர். இவற்றில் எதுவென்று மகளின் பள்ளியில் கேட்டுக்கொண்டு போங்கள். விஞ்ஞானத்தில் இது முக்கியம். கம்பைண்ட் சயன்ஸா, இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனியா என்பதும் முக்கியம்.

இலக்கியப் பாடத்தில் உள்ள நாடகத்தையும் நாவலையும் புதிதாக வாங்கவே வாங்காதீர்கள். ஜூலையில் தேர்வு முடிந்த பிள்ளைகளின் பிரதிகள் பை பையாக வரும். ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. யாரோ ஒரு நல்ல மாணவியின் குறிப்பாக இருக்கக்கூடும். சில சமயம் ஆசிரியரைக் கிண்டலடித்துப் போட்ட படமும் இருக்கும்.

லெவன் ப்ளஸில் பள்ளிக்குப் பள்ளி தேர்வு வேறு. நீங்கள் விண்ணப்பிக்கும் பள்ளிகளின் தேர்வு எந்த வகை என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பேனாவில் விடை எழுதியிருந்தால் வேண்டாம். பென்சில் என்றால் ரப்பர் எடுத்து ஒரு மாலை உட்காருங்கள். பின்பக்கத்தில் விடைப் பகுதி கிழிக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் அம்மாக்கள் அதைக் கிழித்து ஒளித்து வைப்பார்கள், அப்புறம் புத்தகத்தோடு கொடுக்க மறந்துவிடுவார்கள்.

கேள்வி: பழைய புத்தகம் வீட்டுக்குள் வந்தால் என் மாமியாருக்கு ஆகாது. “செத்தவங்க வீட்டுச் சாமானை எதுக்குக் கொண்டு வர்றே” என்கிறார். பூச்சி வரும், நோய் வரும் என்ற பயமும் உண்டு. அவருக்கு என்ன பதில் சொல்வது? (வாசகி, ரெடிங்)

செத்தவர் வீட்டுச் சாமான் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கவுன்சில் நூலகத்திலிருந்து அவர் எடுத்து வரும் தமிழ் நாவல்கள் யார் யார் கை பட்டு வந்தவை என்று கேட்டுப் பாருங்கள். மெதுவாகக் கேளுங்கள், குடும்பத்தில் பூகம்பம் வர வேண்டாம்.

பூச்சி விஷயத்தில் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடையிலேயே புத்தகத்தை நடுவில் திறந்து முகருங்கள். வெட்கப்படாதீர்கள், நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். பழைய காகிதத்தின் இனிப்பு வாசம் பரவாயில்லை. ஈரச் சுவர் வாசம் அடித்தால் பூசணம். அதை வாங்கவே வாங்காதீர்கள், பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். பக்கங்களில் பழுப்புப் புள்ளி இருப்பது வேறு. அது வயதான காகிதத்துக்கு வரும் தேமல், பார்வைக்குத்தான் குறை. தொட்டால் பொடியாக, வெல்வெட் மாதிரி வருகிறதா என்பதுதான் பூசணத்துக்கு அடையாளம்.

ராமபாணப் பூச்சி சந்தேகம் இருந்தால் புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் அறைச் சூட்டில் விட வேண்டும், இல்லாவிட்டால் பக்கங்களில் நீர் கோக்கும். மீன் வறுவலுக்கும் பட்டாணிக்கும் நடுவில் புத்தகத்தைப் பார்த்தால் மாமியார் என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு. சிகரெட் வாசம் என்றால் மூடிய டப்பாவில் சமையல் சோடா ஒரு கிண்ணத்திலும் புத்தகம் தனியாகவும் ஒரு வாரம் இருக்கட்டும். சோடாவைப் பக்கங்களில் தூவ வேண்டாம். விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டு வரவில்லையா, ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டினால் பசை இளகும்.

ஒன்றே ஒன்றில் நிஜமாகவே கவனம் தேவை. விக்டோரியா காலத்துத் துணி அட்டைப் புத்தகம், 1840களிலிருந்து 1860கள் வரை வந்தது, பளிச்சென்ற மரகதப் பச்சை. அந்தச் சாயத்தில் ஆர்செனிக் இருக்கலாம். அமெரிக்காவில் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019இலிருந்து இப்படிப்பட்ட புத்தகங்களைச் சோதித்துப் பட்டியல் எடுத்து வருகிறது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். சேரிட்டி கடையில் இது அபூர்வம்.

கேள்வி: பழைய புத்தகம் வாங்கினால் எழுத்தாளருக்கு ஒரு காசும் போகாதே. இது அநியாயம் இல்லையா? நானும் கொஞ்சம் எழுதுகிறவன். (வாசகர், பர்மிங்ஹாம்)

போகாது. முதல் விற்பனையோடு ராயல்டி முடிந்தது. அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவரின் எழுத்தை ஐம்பது பென்ஸுக்கு அறிமுகம் செய்துகொண்டு, பிறகு அவருடைய அடுத்த புத்தகத்தை முழு விலைக்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மனசு உறுத்தினால் பொது நூலகத்தில் எடுங்கள். 1979 சட்டப்படி, பிரிட்டனில் நூலக இரவல் ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்த எழுத்தாளருக்கு அரசு சில பென்ஸ் கொடுக்கிறது. ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு உச்சவரம்பு 6,600 பவுண்டு. நீங்களும் எழுதுகிறவர் என்கிறீர்கள், உங்கள் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். இருந்தால் பதிவு செய்து வையுங்கள்.

கேள்வி: புத்தகம் கொடுக்கப் போனால் ‘கிஃப்ட் எய்ட்’ படிவம் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் என் வரி கூடுமா? உண்மையில் பணம் சேவைக்குப் போகிறதா? (வாசகர், லெஸ்டர்)

வரி அதிகமாகாது. நீங்கள் கொடுத்த பொருள் விற்றால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அந்த அமைப்பு வாங்கிக்கொள்ளலாம். 4 பவுண்டுக்கு விற்றால் இன்னொரு பவுண்டு. நீங்கள் அந்த அளவுக்காவது வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வருமானமே இல்லாத தாத்தா பெயரில் போடாதீர்கள், வித்தியாசத்தை வரித்துறை அவரிடம் கேட்கலாம். பையில் ஒட்டும் சீட்டில் இருப்பது உங்கள் எண். விற்ற தொகையைச் சொல்லி உங்களுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ வரும்.

பணம் சேவைக்குப் போகிறதா என்றால், செலவு போக மிச்சம் போகிறது. வாடகை, மின்சாரம், மானேஜர் சம்பளம் எல்லாம் உண்டு. கடைகள் கட்டும் பிசினஸ் ரேட்ஸ் வரியில் 80 சதவீதச் சலுகையும் சம்பளமில்லாத எங்களைப் போன்றவர்களும் இருப்பதால்தான் இது ஓடுகிறது. கணக்கு பார்க்க ஆசை என்றால், பதிவு பெற்ற அமைப்புகளின் ஆண்டுக் கணக்கு சேரிட்டி கமிஷன் இணையதளத்தில் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம்.

கேள்வி: அன்ரி, அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்தது, இங்கே வாங்கியது என்று அறை நிறையத் தமிழ்ப் புத்தகங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சேரிட்டி கடைக்குக் கொடுக்கட்டா? (வாசகி, ஹாரோ)

அப்பாவுக்காக வருந்துகிறேன் மகள். சேரிட்டி கடைக்குக் கொடுக்காதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். பெரும்பாலான பின்னறைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை. எந்த மொழி என்றே தெரியாமல் மறுசுழற்சிப் பெட்டிக்குப் போகும். ஆங்கிலப் புத்தகத்துக்கே அதுதான் கதி. சில வாரம் அலமாரியில் இருந்து விற்காவிட்டால் வேர்ல்ட் ஆஃப் புக்ஸ் மாதிரி மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் போகும், அங்கும் விலைபோகாதது காகிதக் கூழ். தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த நடுப் படிகூடக் கிடையாது.

அவசரப்படாமல் முதலில் மூன்றாகப் பிரியுங்கள். எல்லாக் கடைகளிலும் இன்றும் கிடைக்கும் நாவல், பக்தி நூல், சமையல் நூல் எல்லாம் ஒரு பக்கம். இவை உங்கள் பகுதியில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கோ கோயில் நூலகத்துக்கோ போகட்டும். ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். அவர்களுக்கும் இடம் இல்லை.

இரண்டாவது, இலங்கையில் அச்சான எல்லாமும். யாழ்ப்பாணச் சிறு அச்சகங்களில் போட்ட மெல்லிய புத்தகங்கள், பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஊர்ச் சங்கச் சஞ்சிகை, யாராவது காலமாகி 31ஆம் நாளுக்கு அடித்த, கல்வெட்டு என்று சொல்லும் நினைவுப் புத்தகம். பார்வைக்குக் குப்பை மாதிரி இருக்கும். அவற்றைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பிறகு யுத்தம் வந்து வீட்டு அலமாரிகளையும் அழித்தது. வேறு எங்கும் பிரதி இல்லாத ஒன்று உங்கள் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கக்கூடும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இப்படிப்பட்ட ஈழத்துப் பதிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைக்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். அட்டைகளை போனில் படமெடுத்துப் பட்டியலாக அனுப்பினால் எது தங்களிடம் இல்லை என்று அவர்கள் பார்ப்பது சுலபம்.

மூன்றாவது, தமிழ்நாட்டுப் பழம் பதிப்புகள். அதில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்தது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான் சேர்த்து வைத்தார், நூல் போட்டுத் தைத்துக் காலிக்கோ துணி ஒட்டி. பிறகு புத்தகமாக வந்ததில் ஓவியங்கள் இருக்காது. பின்பக்கத்துச் சோப்பு விளம்பரமும் அத்தியாயம் முடியும் இடத்துத் துணுக்கும் இருக்காது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இதையெல்லாம் பாதுகாக்கிற இடம். கோட்டையூரில் ஒருவர் தனியாகச் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானது. தபால் செலவு அதிகம் என்பதால் அனுப்புவதற்கு முன் அவர்களிடமும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் வேண்டாம். அப்பா ஓரத்தில் குறிப்பு எழுதிய புத்தகம் ஒன்றிரண்டை எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன, தாத்தாவின் கையெழுத்து தெரியட்டும்.

கேள்வி: கடைகளில் சிலர் போனை வைத்துப் புத்தகம் புத்தகமாக ஸ்கேன் செய்கிறார்கள். வாங்கி ஆன்லைனில் விற்பார்களாம். தடுக்க மாட்டீர்களா? (வாசகி, எப்சம்)

எதற்குத் தடுக்க வேண்டும்? நாங்கள் போட்ட விலையைக் கொடுத்து வாங்குகிறார்கள், அமைப்புக்குப் பணம் வந்துவிட்டது. யார் வீட்டு அலமாரிக்குப் போனால் என்ன. அலமாரிக்கு முன்னால் ஒரு மணி நேரம் குந்திக்கொண்டு, எடுத்ததைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்க எனக்கு அரை நாள் ஆகிறது.

கேள்வி: வாங்கிய நாவலுக்குள் 1962இல் எழுதிய காதல் கடிதம் ஒன்று இருந்தது. உறையில் முகவரியும் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவா? (வாசகர், கேம்பிரிட்ஜ்)

கடையில் கொடுங்கள். புத்தகம் கிஃப்ட் எய்ட் சீட்டோடு வந்திருந்தால் யார் கொடுத்தது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும், கேட்டுப் பார்ப்பார்கள். நீங்களாகப் போய் அந்த முகவரிக் கதவைத் தட்டாதீர்கள். கடிதம் அந்த வீட்டுக்காரருக்கு எழுதியதாக இருக்கலாம், ஆனால் எழுதியவர் அவரைக் கல்யாணம் செய்துகொண்டவராக இருக்க வேண்டும் என்று இல்லையே. எங்களுக்குப் புத்தகங்களுக்குள் ரயில் டிக்கெட், அழுத்திய பூ, மளிகைப் பட்டியல், ஒருமுறை ஒரு பன்றி இறைச்சித் துண்டின் பிளாஸ்டிக் உறைகூடக் கிடைத்திருக்கிறது. பக்க அடையாளத்துக்கு வைத்தார்களாம்.

கேள்வி: எனக்கும் உங்களைப் போல் வாலண்டியராக ஆசை. ஆங்கிலம் சுமார்தான். சேர்த்துக்கொள்வார்களா? (வாசகி, டூட்டிங்)

சேர்த்துக்கொள்வார்கள். கடைக்குள் போய்க் கல்லாவில் கேளுங்கள், ஒரு படிவம் கொடுப்பார்கள், உங்களைத் தெரிந்த ஒருவர் இருவர் பெயரும் கேட்பார்கள். கல்லாவில் நிற்கப் பயமாக இருந்தால் பின்னறை வேண்டும் என்று சொல்லுங்கள். அட்டையைப் பார்த்து நாவல், சரித்திரம், சமையல் என்று பிரிக்கவும், கிழிசலைக் கண்டுபிடிக்கவும் உங்களுக்கு இருக்கும் ஆங்கிலம் போதும். இடுப்பு வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, புத்தகப் பெட்டி கனமாக இருக்கும். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பின்னறையிலும் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை.